அறிவுரை மொத்தச் சரக்கல்ல, சில்லறைச் சரக்கு



இந்தப் பக்கங்களில் நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் பருப்பு விலை, வரி, உரிமம், பெரிய நிறுவனங்களின் போட்டி என்று கடையைச் சுற்றியே இருக்கும். இம்முறை கடையிலிருந்து வீட்டுக்குள் போகிறோம். "வீட்டு விஷயத்தைப் பத்திரிகையில் எழுத வேண்டுமா?" என்று நம் வீட்டிலேயே கேட்டார்கள். கல்லாவில் தொடங்கிய விஷயம் இது. இதை வாசிக்கும் அன்பர்களில் சிலருடைய கல்லாவிலும் இன்று இதே விஷயம் நடந்துகொண்டிருக்கக்கூடும். ஆகவே எழுதத் துணிந்தோம். சம்பந்தப்பட்ட பேரனிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறோம். "என் பேரை மட்டும் போடாதீங்க தாத்தா" என்றான். போடவில்லை.

கல்லாவில் விழுந்த துண்டு

திருப்பத்தூரில் நமது மளிகை மொத்தக் கடை தகப்பனார் காலத்திலிருந்து நடந்து வருகிறது. கந்திலி, நாட்டறம்பள்ளி, ஆலங்காயம், ஜவ்வாது மலை மேல் புதூர்நாடு வரை சில்லறைக் கடைக்காரர்கள் நம்மிடம் சரக்கு எடுக்கிறார்கள். சென்ற ஆண்டு தீபாவளி வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். ஓர் இரவு கணக்கு முடிக்கும்போது ரொக்கத்தில் ஐந்நூறு ரூபாய் குறைந்தது. சில்லறை கொடுத்ததில் தவறியிருக்கும் என்று விட்டுவிட்டோம். அடுத்த வாரம் ஆயிரம் குறைந்தது. பிறகு இரண்டாயிரம். ஆறு வாரத்தில் மொத்தம் 14,500 ரூபாய் துண்டு விழுந்தது.

நம் கல்லாவைத் தொடுகிறவர்கள் நான்கு பேர். நாம், நம் மகன், பள்ளி விட்டு மாலையில் வந்து உட்காரும் பேரன், பதினொரு ஆண்டுகளாக நம்மிடம் வேலை பார்க்கும் கணக்குப்பிள்ளை. நம் சந்தேகம் இந்த நால்வரில் யார் மேல் போயிருக்கும் என்று வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாய் திறந்து திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் காலை, அவரிடம் இருந்த சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கி நம் இடுப்பில் செருகிக்கொண்டோம். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேரேட்டைத் திறந்து வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அன்று பள்ளி விடுமுறை. பேரனும் கடையில் இருந்து அதைப் பார்த்திருக்கிறான்.

அன்று இரவு பதினோரு மணிக்கு அவன் நம் கட்டிலருகே வந்து நின்றான். "தாத்தா, அண்ணன் எடுக்கலை. நான்தான் எடுத்தேன்" என்றான். கை நடுங்கியது அவனுக்கு.

விஷயம் இதுதான். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை. செல்போனில் யாரோ ஒரு பெண் என்று சொல்லிக்கொண்டு அறிமுகமாகியிருக்கிறார்கள். காலை எழுந்ததும் செய்தி, பள்ளி விட்டதும் செய்தி, கல்லாவில் உட்கார்ந்தும் செய்தி, போர்வைக்குள்ளும் செய்தி. இரண்டு மாதம் இப்படிப் போயிருக்கிறது. பிறகு ஒருநாள், அவன் எழுதியதை எல்லாம் படமாக எடுத்து வைத்திருப்பதாகவும், பணம் அனுப்பாவிட்டால் வீட்டாருக்கும் பள்ளிக்கும் உறவினர்களுக்கும் அனுப்பிவிடுவதாகவும் மிரட்டல் வந்திருக்கிறது. கல்லாவில் எடுத்த ரொக்கத்தைக் கூடப் படிக்கும் ஒருவனிடம் கொடுத்து, அவன் செல்போன் மூலம் அனுப்ப வைத்திருக்கிறான். அந்தப் பக்கம் இருந்தது ஆணா பெண்ணா, எந்த ஊர் என்பது இன்று வரை நமக்குத் தெரியாது.

"ஏண்டா, அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டோம்.

"ரெண்டு தடவை போனேன் தாத்தா. அப்பா போன்ல இருந்தாரு. அப்புறம் பேசலாம்னாரு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்க போனைக் கையில பார்த்தாலே திட்டுவீங்களே" என்றான்.

14,500 ரூபாய் பெரிய தொகைதான். அந்த இரண்டு பதில்களும் நமக்கு அதைவிடப் பெரிய நஷ்டமாகத் தெரிந்தன.

தகப்பனார் சொன்னது

நமக்கும் கை ஓங்கத்தான் தோன்றியது. அந்த நேரத்தில் 1977ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. நமக்கு அப்போது பதினெட்டு வயது. பதினோராம் வகுப்பு முடித்துக் கடைக்கு வந்த புதிது. வாணியம்பாடிப் பக்கம் நிலுவை வசூலுக்குத் தகப்பனார் அனுப்பினார். வசூலான 340 ரூபாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேரே ஊருக்கு வராமல் சினிமாக் கொட்டகைக்குப் போனோம். படம் விட்டு வெளியே வந்தபோது பையில் பணம் இல்லை. எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு அது ஒரு கடை ஆளின் சில மாதச் சம்பளம்.

கடைசி பஸ்ஸில் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டோம். உள்ளே போகத் தைரியமில்லை. பார்ட்டி ஊரில் இல்லை, வசூல் ஆகவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசனை ஓடியது. தகப்பனார் வெளியே வந்து முகத்தைப் பார்த்தார். "முதல்ல சாப்பிட்டுட்டு வா" என்றார். சாப்பிட்ட பிறகு நடந்ததைச் சொன்னோம். அடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்த மனிதர். அவர் சொன்னது இவ்வளவுதான்: "பணம் போனா சம்பாதிச்சுக்கலாம்டா. போனதை மறைச்சா அப்புறம் நீயே போயிடுவே."

இத்தனை ஆண்டுகளில் இந்த வார்த்தை நமக்கு எத்தனையோ முறை கைகொடுத்திருக்கிறது. சரக்கு கெட்டபோதும், கொடுத்த காசோலை திரும்பியபோதும் மறைக்காமல் எதிராளியிடம் போய் நின்றோம். பிழைத்தோம். நமக்குக் கிடைத்த முதலில் பெரிய முதல் அதுதான்.

அந்த முதலை நாம் நம் மகனுக்குக் கொடுத்தோமா, மகன் பேரனுக்குக் கொடுத்தானா என்று கேட்டால், அந்தக் கணக்கில்தான் துண்டு விழுந்திருக்கிறது. பேரனை உட்கார வைத்தோம். "சாப்பிட்டியா?" என்று கேட்டோம். இல்லை என்றான். அந்த நேரத்தில் அவன் பாட்டியை எழுப்பித் தோசை சுடச் சொன்னோம்.

சிட்டையிலிருந்து வாட்ஸ்அப் வரை

செல்போனே பாவம் என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. பழைய நாளில் சில்லறைக் கடைக்காரர்கள் சிட்டை எழுதி பஸ் கண்டக்டரிடமோ ஊர்க்காரரிடமோ கொடுத்தனுப்புவார்கள். அவசரமென்றால் டிரங்க் கால் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கெட்ட செய்திக்குத் தந்தி. அந்தத் தந்தி சேவையும் 2013 ஜூலை மாதத்தோடு நம் நாட்டில் நின்றுபோயிற்று.

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் தேதி அனுப்பப்பட்டது. இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற 22 வயது பொறியாளர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு செல்போனுக்கு அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அது. நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசி செல்போன் சேவையைத் தொடங்கிவைத்தார். அன்றைக்கு வருகிற அழைப்புக்கும் காசு. ஆகவே எல்லோரும் அளந்து பேசினார்கள். பிறகு குறுஞ்செய்தி மலிந்தது. வியாபார விளம்பரச் செய்திகளின் தொல்லை தாங்காமல் 2011இல் டிராய் ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 செய்திதான் என்று வரம்பு கட்டியது. பின்னர் 200 ஆக்கியது. ஒரு நாளைக்கு 100 போதாது என்று கல்லூரிப் பிள்ளைகள் அப்போதே குறைப்பட்டுக்கொண்டார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இணையம் குழாய்த் தண்ணீரைப் போல ஆயிற்று. அளந்து செலவு செய்த காலம் போய்விட்டது. வியாபாரிகளுக்குத் தெரியும், இலவசமாகக் கிடைக்கும் சரக்கை யாரும் அளந்து எடுப்பதில்லை. கடைசியாக 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து பள்ளிகள் மூடின. அதுவரை பிள்ளை கையில் செல்போன் கூடாது என்று சொன்ன நாமே, ஆன்லைன் வகுப்பு என்று கடன் வாங்கியாவது ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். பள்ளி திறந்தது, போன் கையில் தங்கிவிட்டது. ஆகவே பிள்ளைகள் இதைத் திருடிக்கொண்டு வரவில்லை. கொடுத்தவர்கள் நாம். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லாமல் கொடுத்தோம் என்பதே நம் குற்றம்.

பேரன் நமக்குச் செய்த உதவியையும் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் வந்தபோது நாம் திணறியதும், பின்னாளில் இந்தப் பிள்ளை உட்கார்ந்து பில் போடக் கற்றுக் கொடுத்ததும் நினைவிருக்கிறது. இன்று புதூர்நாட்டுக் கடைக்காரர் மலையை விட்டு இறங்காமல் சிட்டையைப் படமெடுத்து அனுப்புகிறார். மறுநாள் சரக்கு ஏறுகிறது. பணமும் போனிலேயே வந்துவிடுகிறது. அதே போன்தான் பிள்ளையையும் அடித்துக்கொண்டு போகப் பார்த்தது.

நம் ஊரில் வாழ்ந்தவர் எழுதிய கடிதங்கள்

எழுத்தில் பேசிக்கொள்வது தவறு என்றும் நாம் சொல்லமாட்டோம். டாக்டர் மு.வரதராசனாரை அறியாத தமிழர் இல்லை. 1912இல் பிறந்த அவர் பள்ளிப் படிப்பை முடித்தது நம் திருப்பத்தூரில். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்ததும், உடல்நலம் கெட்டு அந்த வேலையை விட்டதும் இங்கேதான். சொந்த முயற்சியில் தமிழ் படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாக வந்தார். பிறகு இதே ஊரின் முனிசிபல் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, 1939இல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக உயர்ந்து 1974இல் மறைந்தார்.

அவர் எழுதிய 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'அன்னைக்கு', 'நண்பர்க்கு' என்ற நூல்கள் எல்லாம் கடித வடிவில் அமைந்தவை. பள்ளியில் பரிசாகக் கிடைத்த 'தம்பிக்கு' நூலை, கடை அடைத்த பிறகு தகப்பனாருக்கு நாம் படித்துக் காட்டுவோம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், இரண்டு பக்கம். நடுவில் நிறுத்தச் சொல்லித் தன் அனுபவம் ஒன்றைச் சொல்வார். அவருக்கு அது அறிவுரையென்று தெரியாது, நமக்கும் தெரியாது.

நேருவும் 1928இல் மசூரியில் இருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு அலகாபாத்திலிருந்து கடிதங்கள் எழுதினார். 1930க்குப் பிறகு சிறையிலிருந்தும் எழுதினார். சிறையில் இருந்த தகப்பனுக்கு மகளிடம் பேச வழி கிடைத்தது. ஒரே வீட்டில் இருக்கும் நமக்குக் கிடைக்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தக் கடிதங்களுக்கும் இன்றைய குறுஞ்செய்திகளுக்கும் உள்ள வேறுபாடு நீளத்தில் இல்லை. கடிதம் எழுதியவர், யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதினார். எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு ஒட்டினார். இன்று நம் பிள்ளைகள் முகம் தெரியாதவர்களுக்கு, யோசிக்க நேரமில்லாமல், ஒரு நாளைக்கு நூறும் இருநூறும் எழுதுகிறார்கள். எழுதியது எங்கே போய்த் தங்குகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட புரோநோட்டைத் தெருவில் வீசுவதற்குச் சமம் அது. இதைப் பேரனிடம் இந்த வார்த்தைகளிலேயே சொன்னோம். அவனுக்கு உடனே புரிந்தது. கடைக்காரன் வீட்டுப் பிள்ளை அல்லவா!

சட்டம் வந்தால் போதுமா?

"அரசாங்கம் தடை போடவேண்டும்" என்று சில அன்பர்கள் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2024இல் சட்டம் செய்து, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி செய்துவிட்டார்கள். ஆனால் வாட்ஸ்அப் போன்ற செய்தி அனுப்பும் வசதிகள் அந்தத் தடையில் சேரவில்லை. நம் நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. நல்லதுதான். ஆயினும் இரவு பதினோரு மணிக்குப் போர்வைக்குள் வரும் செய்தியை எந்தச் சட்டம் வந்து பார்க்கும்?

சட்டம் எப்போதும் பின்னால்தான் வரும் என்பதற்கு நம் பாலாறே சாட்சி. தோல் பதனிடும் தொழில் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் சோறு போட்டது, இன்றும் போடுகிறது. அதன் கழிவுநீர் ஒரே நாளில் ஆற்றைக் கெடுக்கவில்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தில் இறங்கியது. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. கெடுமுன் காக்க வேண்டும், கெடுத்தவர் ஈடு கட்ட வேண்டும் என்ற இரு கொள்கைகளை நாடு முழுவதற்கும் சட்டமாக்கிய தீர்ப்பு அது. ஆனால் தீர்ப்பு வரும்போது எத்தனை கிணறுகள் ஏற்கனவே கெட்டிருந்தன? பிள்ளைகள் விஷயத்திலும் தீர்ப்புக்காகக் காத்திருக்க முடியாது. கெடுமுன் காக்கும் வேலை வீட்டுடையது.

மொத்தமா, சில்லறையா?

கொன்றைவேந்தனில் ஔவையார் தந்தை சொல்லைப் பற்றிச் சொன்னதை நாம் எல்லோரும் சிறு வயதில் மனப்பாடம் செய்தவர்கள்தாம். பிள்ளை கேட்கவில்லை என்று சொல்லும்போதெல்லாம் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறோம். ஆனால் தந்தை சொல் மந்திரமாக வேண்டுமானால், முதலில் தந்தை சொல்ல வேண்டுமே! நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்?

காலை ஐந்தரைக்குக் கடை. இரவு பத்துக்கு வீடு. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளில் தாயும் வேலைக்குப் போகிற வீடுகள் ஏராளம். விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறார்கள். பிள்ளைக்குத் துணை போன்தான். இப்படி ஆறு மாதம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, பரீட்சையில் மார்க் குறைந்த அன்றோ போனில் எதையோ பார்த்துவிட்ட அன்றோ, ஆறு மாதத்து அறிவுரையையும் ஒரே மூச்சில் இறக்கிவிடுகிறோம். இருநூறு மூட்டையைச் சின்னக் கடை வாசலில் ஒரே நேரத்தில் இறக்கினால் அந்தக் கடைக்காரர் எங்கே அடுக்குவார்? மழையில் நனைந்து வீணாகத்தான் போகும்.

அறிவுரை மொத்த வியாபாரச் சரக்கல்ல. அது சில்லறைச் சரக்கு. தினமும் கொஞ்சம், முகம் பார்த்து, வேண்டுகிற அளவுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டும். சில்லறைக் கடைக்காரர் என்ன செய்கிறார்? வருகிறவர் முகத்தைப் பார்த்தே, வீட்டில் விசேஷமா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று தெரிந்துகொள்கிறார். தெரியாத வாடிக்கையாளர் முகத்தைப் படிக்கத் தெரிந்த நமக்கு, பெற்ற பிள்ளையின் முகத்தைப் படிக்க நேரமில்லாமல் போய்விட்டது. ஆறு வாரம் ஒரே வீட்டில் நம்மோடு சாப்பிட்ட பிள்ளை உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்ததை, மொத்த வியாபாரியான நாமும் பார்க்கவில்லை, அவன் தகப்பனும் பார்க்கவில்லை.

நம் மகனை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவன் போனில் பார்த்தது விளையாட்டு அல்ல. பாமாயில் விலையும் துவரம் பருப்பு விலையும்தான். அதோடு காலை வணக்கப் படங்களும் வந்தன, அவற்றுக்குப் பதில் வணக்கமும் போயிற்று. ஆனால் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு, தகப்பன் பார்ப்பது பருப்பு விலையா வேறொன்றா என்று எப்படித் தெரியும்? தன்னைவிட அந்தப் பெட்டி முக்கியம் என்றுதான் தெரியும். பேரன் சொன்னதைக் கேட்டு மகன் அழுதுவிட்டான். நாற்பத்திரண்டு வயது மனிதன்.

கடைக்காரர்களாகிய நாம் செய்யக்கூடியவை

அனுபவத்தில் கண்ட சிலவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலாவது, கல்லாவில் உட்காருபவர் கையில் சொந்த செல்போன் கூடாது. வியாபாரத்துக்கென்று தனிப் போன் ஒன்று போதும். இந்த விதி பேரனுக்கு மட்டுமென்றால் நடக்காது. முதலாளிக்கும் அதே விதி. நம் கடையில் மேசைக்கடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருக்கிறோம். உட்காருமுன் அவரவர் போன் அதற்குள் போய்விடும். முதல் வாரம் அதிகமாகக் கை துறுதுறுத்தது நமக்குத்தான்.

இரண்டாவது, இரவுச் சாப்பாடு எல்லோரும் சேர்ந்து. போன் வேறு அறையில். பதினைந்து நிமிடம் போதும். அறிவுரை என்று தொடங்க வேண்டாம். கடையில் அன்று நடந்ததைச் சொன்னாலே போதும். பிள்ளை தானாகப் பள்ளியில் நடந்ததைச் சொல்வான்.

மூன்றாவது, நாம் செய்த தவறுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 340 ரூபாய் கதையை நாம் நம் மகனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. மரியாதை போய்விடும் என்று நினைத்தோம். அன்று இரவு பேரனுக்கும் மகனுக்கும் சேர்த்துச் சொன்னோம். மரியாதை போகவில்லை.

நான்காவது, பிள்ளை ஒரு தவறைச் சொல்ல வந்தால், சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் மிகக் கடினம். இடையில் ஒரு "ஏண்டா" போட்டாலும் மீதிக் கதை உள்ளேயே போய்விடும்.

ஐந்தாவது, பெண் பிள்ளைகள் விஷயம். மகளுக்கு இப்படி ஒரு மிரட்டல் வந்தால், போனைப் பிடுங்கிப் படிப்பையும் நிறுத்திவிடுகிற வீடுகள் நம்மிடையே உண்டு. ஏமாற்றியவன் வெளியே உலவ, ஏமாந்த பிள்ளைக்குத் தண்டனை. அதைப் பார்க்கிற அடுத்த பெண் வாயே திறக்கமாட்டாள். மிரட்டுகிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன?

ஆறாவது, மிரட்டல் வந்தால் பணம் கொடுக்கக் கூடாது. ஒருமுறை கொடுத்தால் மீட்டர் வட்டிக்காரனைப் போல மறுபடி மறுபடி வருவான். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். இணையவழி மோசடிக்கென்று நாடு முழுவதும் உள்ள எண் இது. பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது; போகும் வழியிலேயே நிறுத்தி வைக்க முயல்வார்கள். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. பிள்ளை மனம் உடைந்து இருந்தால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். இந்த மூன்று எண்களையும் எழுதி, கடைச் சுவரில் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். சரக்கு வாங்க வருபவர்களில் சிலர் குறித்துக்கொண்டு போகிறார்கள். ஏன் என்று நாம் கேட்பதில்லை.

நாமும் மகனும் பேரனுமாகச் சேர்ந்துதான் புகார் கொடுத்தோம். போன பணம் இதுவரை திரும்பவில்லை. மிரட்டல் நின்றுவிட்டது. எதை வீட்டாருக்கு அனுப்புவேன் என்று பயமுறுத்தினானோ, அதை வீட்டாருக்குப் பிள்ளையே சொல்லிவிட்ட பிறகு அவன் கையில் விற்க என்ன சரக்கு இருக்கிறது?

மீதமுள்ள பாக்கி

மறுநாள் காலை கடை திறந்ததும், மூட்டை இறக்குபவர்கள் எல்லோரும் இருக்கும்போதே சாவிக்கொத்தைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தோம். எல்லோர் முன்னால் வாங்கியதை எல்லோர் முன்னால்தான் கொடுக்க வேண்டும். "தப்பு நம்முடையது" என்றோம். பேரன், "அண்ணே, நான்தான் எடுத்தேன். மன்னிச்சிடுங்க" என்றான். அவர் சாவியை வாங்கிக்கொண்டார். "பரவாயில்லை முதலாளி" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் அதற்குப் பிறகு இரவில் நாம் ரொக்கம் எண்ணத் தொடங்கினால், அவர் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொள்கிறார். எண்ணி முடித்த பிறகுதான் உள்ளே வருகிறார். பதினொரு ஆண்டுகளில் இல்லாத பழக்கம். எத்தனை சொல்லியும் மாறவில்லை. பேரன் இப்போது அவரோடு வாசலில் போய் நிற்கிறான். இருவரும் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். தெரு விளக்கில் பார்த்தால் பேரன் கையில் போன் இல்லை.

அன்பர்களே, மே 5 வணிகர் தினத்தில் மாநாட்டுக்குப் போகிறோம், கோரிக்கைகளை வைக்கிறோம். நம் சங்கத்தின் சார்பில் ஆண்டுக்கு ஒருநாள், உறுப்பினர்கள் தம் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்து பேசுகிற கூட்டம் ஒன்றையும் நடத்தலாம் என்பது நம் யோசனை. மேடை வேண்டாம், மாலை வேண்டாம். காவல் துறையில் சைபர் குற்றம் பார்க்கும் ஓர் அதிகாரியை அழைத்தால் போதும். நிர்வாகிகள் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

அதுவரை ஒன்று செய்யலாம். இன்று இரவு கணக்கு முடித்ததும் வீட்டுக்குப் போய், போனை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையிடம் "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே இருங்கள்.